பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பவர் அண்ணன். தம்பியின் மூளையைச் சோதிப்பது ஏன்?

கதவைப் பூட்டியதும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பீர்கள்தானே? ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோய் உள்ள சிலருக்கு எத்தனை முறை இழுத்தாலும் நிம்மதி வராது.

ஓசிடி உள்ளவர்களுக்கு ஒரு சோதனை. திரையில் அம்பு தோன்றும். அது காட்டும் பக்கத்துப் பொத்தானை உடனே அழுத்த வேண்டும். ‘பீப்’ ஒலித்தால், அழுத்தப்போன விரலை நிறுத்த வேண்டும். இந்த நிறுத்தம் அவர்களுக்குத் தாமதமாகிறது.

2007இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டது இன்னும் சுவாரசியம்: நோயே இல்லாத அவர்களின் நெருங்கிய இரத்த உறவினருக்கும் அதே தாமதம்!

சைக்கிள் பிரேக் கட்டை சற்றுத் தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் தெரியாது, சரிவில் இறங்கும்போதுதான் வண்டி நிற்காது. குடும்பவழி வருவது இப்படியொரு தேய்மானமாக இருக்கலாம், நோயாகவே இருக்க வேண்டியதில்லை. மன அழுத்தம் போன்றவை சரிவாகலாம்.

ஓசிடிக்கு ஒற்றை மரபணுவா காரணம்? இல்லை. 2025இல் வெளியான, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த ஆய்வு, நோயோடு தொடர்புடைய 30 இடங்களை மரபணுத்தொகுதியில் சுட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவே.

அப்படியானால் தம்பிக்கும் நோய் வருமா? பொத்தான் சோதனையால் அதைச் சொல்ல முடியாது. ஏடிஎச்டி எனும் கவனக்குறைபாடு உள்ள பலருக்கும் இதே பிரேக் தாமதம் உண்டு.