முதல் விமானத்தை உடைக்காம இறக்குறது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஆர்சி விமானம். அதாவது ரேடியோ ரிமோட்ல பறக்கிற மாடல் விமானம், ட்ரோன் இல்லை. இந்த வித்தியாசத்தை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இன்னைக்குப் பேசப்போறதுல பாதி இதுல இருந்துதான் வருது. கேமரா ட்ரோன்ல ஸ்டிக்கை விட்டுட்டா அது அந்தரத்துல அப்படியே நிக்கும். உள்ள இருக்கிற ஜிபிஎஸ்ஸும் சென்சாரும் பார்த்துக்கும். விமானம் நிக்காது. றெக்கை மேல காத்து ஓடிக்கிட்டே இருந்தாத்தான் அது விமானம், இல்லைன்னா வெறும் தெர்மாகோல். அதனால நடுவுல யோசிக்க டைம் கிடையாது.

முதல் விமானம் வாங்கினவங்க நிறைய பேர் அதை ஒரே ஒரு தடவைதான் பறக்க விட்டிருப்பாங்க. எறிஞ்சாங்க, ஏறுச்சு, ஒரு பக்கம் சாஞ்சுது, மண்ணுல குத்துச்சு. அதுக்கப்புறம் பெட்டி லாஃப்ட்டுக்குப் போயிடும். சேர்த்து வச்ச காசு போனதுகூடப் பரவாயில்லை, 'நமக்கு இது வராது'ன்னு ஒரு முடிவு எடுத்துடறாங்க பாருங்க, அதுதான் நஷ்டம். ஏன்னா அந்த விபத்துக்குக் காரணம் பெரும்பாலும் கை இல்லை. விமானம் தரையில இருக்கும்போதே நடந்து முடிஞ்ச விஷயங்கள்.

எதை வாங்கறது

கடைக்குப் போனா கண்ணு நேரா போர் விமானத்து மேல போகும். சுகோய், ஸ்பிட்ஃபயர். தயவுசெஞ்சு வேண்டாம். அதெல்லாம் வேகமாப் பறக்கும், சாய்ச்சா சாஞ்சபடியே போகும். உங்களுக்கு வேண்டியது, சாஞ்சா தானா நிமிரப் பார்க்கிற விமானம்.

அதுக்கு ரெண்டு அடையாளம். ஒண்ணு, றெக்கை உடம்புக்கு மேல இருக்கணும். ரெண்டு, றெக்கையை முன்னாடி இருந்து பார்த்தா ரெண்டு நுனியும் லேசா மேல தூக்கி, அகலமான 'வி' மாதிரி தெரியணும். இதுக்கு டைஹெட்ரல்னு பேரு. விமானம் ஒரு பக்கம் சாஞ்சா அந்தப் பக்கமா வழுக்க ஆரம்பிக்கும். அப்போ தாழ்ந்த றெக்கை காத்தை இன்னும் அதிகக் கோணத்துல சந்திக்குது. அதுக்குக் கூடுதல் தூக்குவிசை கிடைக்குது, விமானம் நிமிருது. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாம, வெறும் வடிவத்தால கிடைக்கிற உதவி இது.

ஆகவே, மேல றெக்கை, சுமார் ஒரு மீட்டர் நீளம், ஃபோம் உடம்பு. ஃபோம்ல இபிபின்னு கேட்டு வாங்குங்க. அடிபட்டா ரப்பர் மாதிரி வளைஞ்சு கொடுக்கும். சாதாரண தெர்மாகோல் டப்புனு உடையும். அதை ஒட்டறேன்னு ஃபெவிக்விக் போட்டீங்கன்னா பசை ஃபோமையே கரைச்சுடும். ஹாட் குளூவும், அதிகச் சூடு இல்லாம, டேப்பும் போதும். வெட்டி ஒட்டற ஆர்வம் இருந்தா சன்போர்டுல நீங்களே செய்யலாம். எடை கொஞ்சம் கூடும், ஆனா உடைஞ்சா மனசு உடையாது. ஸ்டேஷனரி கடைல இன்னொரு ஷீட் கிடைக்கும்.

உள்ள போற சாமான் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 2212 ரக பிரஷ்லெஸ் மோட்டார், 30 ஆம்பியர் இஎஸ்சி, 9 கிராம் சர்வோ நாலு, 3 செல் லைப்போ பேட்டரி, ஒரு டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும். மோட்டார்ல '1000 கேவி'ன்னு போட்டிருக்கும். பயந்துடாதீங்க, அது கிலோவோல்ட் இல்லை. ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுத்துன்னு அர்த்தம். 11.1 வோல்ட் கொடுத்தா, ப்ரொப்பெல்லர் இல்லாதப்போ, சுமார் 11,000 சுத்து. அந்த வேகத்துல சுத்தற ப்ளாஸ்டிக் பிளேடு விரலை என்ன பண்ணும்னு நினைச்சுக்கோங்க. அதனால வீட்டுக்குள்ள எந்த செட்டிங் பண்ணினாலும் ப்ரொப்பெல்லரைக் கழட்டி வச்சுட்டுத்தான் பண்ணணும். இதுல எனக்குச் சமரசமே கிடையாது.

காசை எங்கயாவது கொஞ்சம் தாராளமாப் போடணும்னா டிரான்ஸ்மிட்டர்ல போடுங்க. விமானம் மாறும், அது கூடவே இருக்கும். நம்ம ஊர்ல தொடங்கறவங்க கையில அதிகம் பார்க்கிறது ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6. ஆறு சேனல், 2.4 கிகாஹெர்ட்ஸ். முன்னாடி எல்லாம் ஆளாளுக்கு ஒரு கிறிஸ்டல், ஒரே அலைவரிசையில ரெண்டு பேர் ஆன் பண்ணினா ஒருத்தர் விமானம் காலி. மைதானத்துல யார் எந்த அலைவரிசைன்னு கேட்டுக் கேட்டுத்தான் ஸ்விட்சைத் தொடுவாங்க. இப்ப அந்தத் தலைவலி இல்லை.

தரையில செய்யற மூணு சோதனை

முதல் சோதனை, எடை மையம். இன்னைக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா இதை வச்சுக்கோங்க. றெக்கையோட அகலத்தை, அதாவது முன் ஓரத்துல இருந்து பின் ஓரம் வரைக்கும், அளங்க. அதுல 25ல இருந்து 30 சதவீதத்துல, முன் ஓரத்துல இருந்து கணக்கு பண்ணி, ரெண்டு பக்கமும் பேனாவால புள்ளி வைங்க. 20 செ.மீ. அகலம்னா 5ல இருந்து 6 செ.மீ. பேட்டரியோட சேர்த்து, அந்தப் புள்ளிகள்ல ரெண்டு விரலை வச்சுத் தூக்குங்க. விமானம் மட்டமா நிக்கணும், இல்லை மூக்கு லேசாத் தாழணும். வால் தாழ்ந்தா பேட்டரியை முன்னாடி தள்ளுங்க. மூக்கு கனம்னா விமானம் மந்தமாப் போகும், கொஞ்சம் வேகமா இறங்கும், அவ்வளவுதான். வால் கனம்னா அனுபவசாலி கையிலகூட அடங்காது. நீங்க லேசா மேல இழுத்தாலே மூக்கைத் தூக்கி நிக்கும்.

ரெண்டாவது, திசை. எல்லாரும் ஸ்டிக்கை ஆட்டிப் பார்ப்பாங்க, 'ஆ, அசையுது'ன்னு திருப்தி ஆயிடுவாங்க. அசையறது முக்கியமில்லை, எந்தப் பக்கம் அசையுதுங்கறதுதான் முக்கியம். விமானத்துக்குப் பின்னாடி நில்லுங்க. வலது ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினா வலது றெக்கையோட எய்லரான் மேல போகணும், இடது கீழ இறங்கணும். ஸ்டிக்கை உங்க பக்கம் இழுத்தா வால்ல இருக்கிற எலிவேட்டர் மேல வரணும். ரட்டரை வலது பக்கம் தள்ளினா அது வலது பக்கமே திரும்பணும். ஏதாவது தலைகீழா இருந்தா டிரான்ஸ்மிட்டர் மெனுல ரிவர்ஸ் பண்ணிடலாம், பத்து செகண்ட் வேலை. அதே தப்பை வானத்துல கண்டுபிடிச்சா பத்து செகண்ட்கூட இருக்காது.

மூணாவது, ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தா மோட்டார் நிக்கணும். மெனுல செட் பண்ணுங்க. அப்புறம், ப்ரொப்பெல்லர் இல்லாம, மோட்டாரை மெதுவா ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைச்சுப் பாருங்க. மோட்டார் நின்னா சரி. இதை விட்டுட்டா, விமானம் முழு வேகத்துல யார் வீட்டு மொட்டை மாடிக்கு வேணும்னாலும் போகலாம். இதோட ஒரு வரிசையும் இருக்கு. ஆன் பண்ணும்போது முதல்ல டிரான்ஸ்மிட்டர், அப்புறம் விமானத்து பேட்டரி. அணைக்கும்போது முதல்ல பேட்டரியைக் கழட்டணும், கடைசியா டிரான்ஸ்மிட்டர்.

விரல் எங்க குழம்பும்

விமானம் உங்களை விட்டுப் போகும்போது வலதுன்னா வலது. திரும்பி உங்களை நோக்கி வரும்போது அதோட வலது உங்களுக்கு இடது. மூளைக்கு இது தெரியும், விரலுக்குத் தெரியாது. இதுக்கு ஒரு வழி இருக்கு. விமானம் உங்களை நோக்கி வரும்போது எந்த றெக்கை தாழ்ந்திருக்கோ, ஸ்டிக்கை அந்தப் பக்கமாத் தள்ளுங்க. தாழ்ந்த றெக்கைக்கு ஸ்டிக்கால முட்டுக் கொடுக்கிற மாதிரி. அவ்வளவுதான், நிமிர்ந்துடும்.

இதைப் பழக மைதானம் வேண்டாம், சிமுலேட்டர் போதும். பிகாசிம் இலவசம், போன்லயே ஓடும். கம்ப்யூட்டர்ல போட்டு, யுஎஸ்பி கேபிள் வழியா உங்க டிரான்ஸ்மிட்டரையே இணைச்சா இன்னும் நல்லது, விரல் பழகறது நிஜ ஸ்டிக்ல. ஒரு மாசம் தினமும் கொஞ்ச நேரம். 'கேம்தானே'ன்னு ஒதுக்கறவங்கதான் மண்ணைக் கிளறிட்டு வருவாங்க. சிமுலேட்டர்ல நூறு தடவை விழுந்தா செலவு பூஜ்யம்.

மைதானத்துல

எங்க பறக்கலாம்ங்கறதை முதல்ல முடிச்சுடுவோம். 2021 ட்ரோன் விதிகள் ஆளில்லா விமானம் எல்லாத்துக்கும்தான், மாடல் விமானமும் அதுல அடக்கம். டிஜிட்டல் ஸ்கை மேப்ல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு வானத்தைப் பிரிச்சிருக்காங்க. பச்சைல 400 அடி வரைக்கும், விமான நிலையச் சுற்றெல்லையில இருந்து 8க்கும் 12க்கும் நடுவுல இருக்கிற கிலோமீட்டர்ல 200 அடி வரைக்கும். மஞ்சள்ல அனுமதி வேணும், சிவப்பைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். 2 கிலோ வரைக்கும், வியாபார நோக்கம் இல்லைன்னா ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. சென்னைல இருக்கிறவங்க கவனிங்க: மீனம்பாக்கம் ஒரு பக்கம், தாம்பரம் விமானப்படை தளம் ஒரு பக்கம். பெருங்களத்தூர் மொட்டை மாடில இருந்து விடலாம்னு நினைக்கிறவங்க முதல்ல மேப்பைத் திறங்க.

நேரம், விடியற்காலை. காத்து அடங்கியிருக்கும், கோடைல மதியத்துக்கு மேல கடல்காத்து கிளம்பிடும். ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் மைதானம் வேண்டாம். ஒரு கிலோ எடை வேகமா வந்து ஒரு பையன் தலையில விழுந்தா அது பொழுதுபோக்கு இல்லை.

எறியறதை நண்பர்கிட்ட கொடுங்க, உங்க ரெண்டு கையும் ஸ்டிக்ல இருக்கட்டும். காத்து வர்ற திசையைப் பார்த்து நின்னு, முக்கால் த்ராட்டில் கொடுத்து, அடிவானத்துக்கு நேரா, மட்டமா எறியணும். பலரும் மேல பார்த்து எறிவாங்க. அங்கதான் பிரச்னை. வேகம் இல்லாம மூக்கு தூக்கினா றெக்கை காத்தைச் சந்திக்கிற கோணம் அதிகமாகும். சுமார் 15 டிகிரியைத் தாண்டினா காத்து றெக்கையோட மேல்பரப்பை விட்டுப் பிரிஞ்சுடும். தூக்குவிசை சட்டுனு குறையும், ஒரு நுனி கவிழும். இதுதான் ஸ்டால். இதுல கொடுமை என்னன்னா, விழற விமானத்தைப் பார்த்ததும் கை தானா ஸ்டிக்கை இன்னும் இழுக்கும். செய்ய வேண்டியது நேர் எதிர். ஸ்டிக்கை விடணும், மூக்கைக் கொஞ்சம் தாழவிட்டு வேகம் சேர்க்கணும். இதுக்கு உயரம் வேணும். அதனால, எறிஞ்சதும் முதல் வேலை நேரா ஏறி ஐம்பது மீட்டருக்குப் போறது. அங்க போய் த்ராட்டிலைப் பாதிக்குக் குறைச்சு, ஒரு பக்கம் இழுத்தா ட்ரிம் பட்டனை ஒவ்வொரு க்ளிக்கா அழுத்திச் சரி பண்ணுங்க. முதல் நாள் பெரிய வட்டம் மட்டும். தலைக்கு மேலயும் கொண்டுவராதீங்க, ரொம்ப தூரமும் விடாதீங்க.

இறக்கறதும் காத்தை எதிர்த்துத்தான். த்ராட்டிலைக் குறைங்க, றெக்கையை மட்டமா வைங்க, தரைக்கு ஒரு மீட்டர் வந்ததும் எலிவேட்டரை லேசா, லேசா இழுங்க. சரியா வரலைன்னு தோணினா உயரம் இருக்கும்போதே த்ராட்டில் கொடுத்து இன்னொரு சுத்து. மோதறது நிச்சயம்னு ஆயிடுச்சா, த்ராட்டிலை உடனே பூஜ்யத்துக்கு இறக்குங்க. ஃபோமை ஒட்டிக்கலாம். ப்ரொப்பெல்லர் மண்ணுல சிக்கி மோட்டார் திணறினா இஎஸ்சி எரியும்.

பேட்டரி

லைப்போ ஒரு செல் முழுசா ஏறினா 4.2 வோல்ட், 3.5க்குக் கீழ விடக்கூடாது. 2200 எம்ஏஎச் பேட்டரின்னா 2.2 ஆம்பியர்ல, பேலன்ஸ் சார்ஜரில், நீங்க பக்கத்துல இருக்கும்போது மட்டும் ஏத்துங்க. ராத்திரி போட்டுட்டுத் தூங்கறது கூடவே கூடாது, லைப்போ பிடிச்சா தண்ணி ஊத்தி அணைக்கிற நெருப்பு இல்லை. பறக்கலைன்னா செல்லுக்கு 3.8ல வச்சிருங்க. சித்திரை வெயில்ல வண்டி சீட்டுக்கு அடியில வைக்காதீங்க. உப்பிப்போனது, விழுந்து நசுங்கினது ரெண்டையும் திரும்பப் பயன்படுத்தாதீங்க. டைமரை அஞ்சு நிமிஷத்துக்கு வச்சுட்டுப் பறங்க.

கேட்டவங்க கேள்வி

'கைரோ வச்ச ரிசீவர் வாங்கினா சிமுலேட்டர் இல்லாமலே பறக்கலாமா?' நல்ல கேள்வி. கைரோ காத்து தள்ளறதைச் சமாளிக்கும், சிலது ஸ்டிக்கை விட்டா விமானத்தை மட்டமாவும் ஆக்கும். வாங்கலாம், தப்பில்லை. ஆனா விமானம் உங்களை நோக்கி வரும்போது எந்தப் பக்கம் திருப்பணும்னு அது சொல்லாது. கைரோவோட திசை தலைகீழா செட் ஆகியிருந்தா, சாயற பக்கமே இன்னும் சாய்ச்சுடும். மைதானத்துக்குப் போகும் முன்னாடி ஆன் பண்ணி, வலது றெக்கையைக் கையால கீழ சாய்ச்சுப் பாருங்க. அந்தப் பக்க எய்லரான் கீழ இறங்கணும். மேல போச்சுன்னா அன்னைக்கு எறியாதீங்க.