குட்டியானைக்குள் ஓர் ஆம்ப்ளிபயர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

பூதலூர்ப் பக்கத்தில் காலை ஏழு மணிக்கு மேல் காது கொடுத்துக் கேட்டால் ஏதேனும் ஒரு தெருவில் ஒலிபெருக்கி பேசிக்கொண்டிருக்கும். வெங்காயம் வந்திருப்பதாக ஒரு வண்டி கூறும். கோயில் திருவிழாவுக்கு மற்றொன்று அழைக்கும். தேர்தல் காலமென்றால் கேட்கவே வேண்டாம். வாடகைக் காரின் தலையில் குழாயைக் கட்டிக்கொண்டு ஒரு காலத்தில் செய்த வேலையை இன்று சிறு லோடு வண்டிகள் செய்கின்றன. 2005ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வண்டி வந்தது. நம் மக்கள் அதற்குக் 'குட்டியானை' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். இப்போது அந்த அளவில் எந்த வண்டி வந்தாலும் அது குட்டியானைதான்.

என் தாய்மாமன் அத்தகைய வண்டி ஒன்றில் ஊர் ஊராகச் சென்று வெங்காயம் விற்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் புத்தகச் செலவும் விடுதிச் செலவும் அந்த வண்டியிலிருந்துதான் வருகின்றன. வண்டிக்கு இன்னும் தவணை பாக்கி இருக்கிறது.

சென்ற கோடையில் திருக்காட்டுப்பள்ளிச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது இருக்கையின் பின்னாலிருந்து புகை கிளம்பியது. ஆம்ப்ளிபயருக்குச் செல்லும் ஒயர் உருகி, மெத்தையின் ஓரம் கருகிவிட்டது. மாமா பேட்டரி முனையிலிருந்து ஒயரைப் பிடுங்கி எறிந்ததால் வண்டி தப்பியது. அவர் உள்ளங்கையில் கொப்புளம். அன்றிரவு மருந்து தடவிக்கொண்டே கேட்டார்: "ஏன் மாப்ளே, நீ கரண்டைப் பத்தித்தானே படிக்கிற? இது ஏன் எரிஞ்சுது?"

ஓம் விதியில் நான் முழு மதிப்பெண் வாங்கியவன். ஆனால் அந்த வண்டியில் நூறு முறை ஏறியும் ஒரு முறைகூட அந்த ஒயரை உற்றுப் பார்த்ததில்லை. மறுநாள் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அன்று கண்டதையே இங்கு எழுதுகிறேன்.

ஆம்ப்ளிபயரைப் பாடநூல் 'பெருக்கி' என்று கூறும். நம்மூரில் அப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது. மாமாவுடையது 160 வாட் கொண்டது. வெளியே 160 வாட் கொடுக்க உள்ளே அதைவிட அதிகம் வாங்கியாக வேண்டும். பழைய முறை ஆம்ப்ளிபயர்களின் திறன் முழுச் சத்தத்தில் ஏறக்குறைய 55 விழுக்காடு எனக் கொண்டால் தேவை 290 வாட். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். எனவே அங்கே ஒன்றேகால் ஆம்பியர் போதும். வண்டி பேட்டரியோ 12 வோல்ட். அதே 290 வாட்டுக்கு 24 ஆம்பியர் ஓட வேண்டும்! வீட்டில் பல்புக்கு இழுக்கும் ஒயரை வண்டிக்கும் இழுப்பவர்கள் இந்த வேற்றுமையை மறந்துவிடுகிறார்கள்.

பேட்டரியிலிருந்து போக 3 மீட்டர், வர 3 மீட்டர், ஆக 6 மீட்டர் செம்பு. மாமா வண்டியில் இருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். அதன் மின்தடை 0.069 ஓம். கேட்பதற்கு அற்பம். ஆனால் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்ததல்லவா? 24ஐ 24ஆல் பெருக்கி இதனாலும் பெருக்கினால் கிட்டத்தட்ட 40 வாட். ஒரு பற்றவைப்புக் கோலின் சூடு ஒயர் நெடுகிலும் பரவிக் கிடக்கிறது. வோல்டேஜும் 1.65 குறைந்துவிடும். 10 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் வெப்பம் 6 வாட், இழப்பு கால் வோல்ட். பேச்சு எப்போதும் உச்சத்தில் இருப்பதில்லை. எனவே சராசரி இவற்றைவிடக் குறைவுதான். ஆயினும் ஒயரை உச்சத்துக்கே கணக்கிட வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் மெல்லிய ஒயர் மட்டும் தீ வைக்கவில்லை. பொருத்தியவர் கேபின் தகட்டில் துளையிட்டு, ரப்பர் வளையம் போடாமல் ஒயரை நுழைத்திருந்தார். சூட்டில் இளகிய மேலுறையை அதிர்வில் தகட்டின் விளிம்பு அறுத்துவிட்டது. செம்பு வண்டி உடலைத் தொட்டது. 'பியூஸ் இருந்ததே!' என்றார் மாமா. இருந்தது, ஆனால் ஆம்ப்ளிபயரின் முதுகில் இருந்தது. ஒயரின் நடுவில் ஏற்பட்ட பழுதுக்கான மின்னோட்டம் அந்தப் பியூஸ் வரை போகவே இல்லை. பேட்டரி தன்னிடமுள்ள நூற்றுக்கணக்கான ஆம்பியரையும் அந்த ஒயரில் கொட்டியது. ஒயருக்கான பியூஸ் ஒயரின் தொடக்கத்தில், பேட்டரி முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருந்தாக வேண்டும். வாசலை விட்டுவிட்டுக் கொல்லையில் காவல் வைத்த கதைதான் எங்களுடையது.

அடுத்த கேள்வி, பெட்டியை எங்கே வைப்பது? இருக்கைக்குக் கீழே என்பார்கள். ஆனால் ஏஸ் போன்ற வண்டிகளில் இருக்கைக்கு அடியில்தான் எஞ்சினே இருக்கிறது. முழுச் சத்தத்தில் ஆம்ப்ளிபயரே 130 வாட் வெப்பத்தைக் கக்கும். அடுப்பின் மேல் அடுப்பை வைத்தாற்போல் ஆகிவிடும். பெரும்பாலான சிலிக்கான் டிரான்சிஸ்டர்களின் உட்சந்தி 150 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும். சித்திரை வெயிலில் கதவடைத்து நிறுத்திய கேபினுள் காற்றே 50 பாகையைத் தாண்டிவிடுகிறது. ஆகவே இருக்கைக்குப் பின்சுவரில், வெப்பம் போக்கும் தகடுகள் செங்குத்தாக நிற்கும்படி, சுற்றிலும் நான்கு விரல் இடைவெளி விட்டு வைப்பதே சரி. சூடான காற்று மேலே எழுந்து தானே வெளியேறும். அதன் மேல் துண்டைக் காயப் போடக் கூடாது. மாமா போட்டிருந்தார்.

சும்மா சாய்த்து வைத்தாலும் ஆகாது. பெட்டி 8 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் வண்டி எதிலேனும் மோதிப் பத்தில் ஒரு விநாடியில் நின்றால், பெட்டி 890 நியூட்டன் விசையுடன் முன்னே பாயும். தொண்ணூறு கிலோ ஆள் ஒருவர் ஓட்டுநரின் பிடரியில் விழுவதற்குச் சமம். எனவே ஒட்டுப்பலகை ஒன்றைத் தகட்டில் நான்கு போல்ட்டுகளால் இறுக்கி, இடையில் ரப்பர் கொடுத்து, பெட்டியை அதில் பூட்ட வேண்டும். துளையிடுமுன் தகட்டின் மறுபக்கத்தில் டீசல் குழாயோ ஒயரோ போகிறதா என்று எட்டிப் பார்ப்பது நல்லது.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று. 160 வாட்டை 80 வாட்டாகக் குறைத்தால் ஒலி 3 டெசிபல்தான் குறையும். தெருவில் நிற்பவருக்கு அது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். மின்னோட்டமோ ஏறக்குறையப் பாதி ஆகும். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியே கூடாது. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, "80 போதும் மாமா" என்றேன். அடுத்த தெரு வண்டிக்காரர் 200 வைத்திருக்கிறாராம். பேச்சு அத்துடன் முடிந்தது.

மற்றபடி நான் சொன்னதையெல்லாம் கேட்டார். தடித்த ஒயர், பேட்டரியருகே 30 ஆம்பியர் பியூஸ், துளையில் ரப்பர் வளையம், பின்சுவரில் பலகை எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் பொருத்தினோம். எர்த் ஒயரைப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெறுந்தகட்டில் இறுக்கினேன்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. எஞ்சின் வேகம் கூடும்போது ஒலிபெருக்கியில் 'ஙீ...' என்றொரு கீச்சொலியும் ஏறுகிறது. வண்டியின் டைனமோ மாறுதிசை மின்சாரத்தை நேராக்கித் தருகையில் எஞ்சும் சிற்றலை அது. மெமரி கார்டு பெட்டி ஓரிடத்திலும் ஆம்ப்ளிபயர் வேறிடத்திலும் எர்த் எடுப்பதால், இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு வோல்டேஜ் வேறுபாடு பாட்டோடு கலந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே போல்ட்டில் சேர்க்க வேண்டும். பொங்கல் விடுமுறைக்குப் போகும்போது ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.