ஆல்ஃபபெட் என்றால் ‘மாடு, வீடு’! தெரியுமா?

ஆங்கிலத்தின் முதல் எழுத்தான பெரிய ‘ஏ’யை ஒரு தாளில் எழுதித் தலைகீழாகத் திருப்புங்கள். இரண்டு கொம்புகளோடு ஒரு மாட்டுத் தலை தெரிகிறதா? அது எகிப்தியர்களின் சித்திர எழுத்தில் இருந்த மாடேதான்!

3,500 ஆண்டுகளுக்கும் முன்பு, சினாய் பாலைவனச் சுரங்கங்களில் செமிட்டிக் மொழி பேசியவர்கள் எகிப்தியச் சித்திரங்களைப் பார்த்துத் தங்களுக்கென எளிய எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். மாட்டுக்கு அவர்கள் சொல் ‘அலெஃப்’, வீட்டுக்கு ‘பெத்’. ஃபினீசியர் வழியாக அவை கிரேக்கம் போய் ‘ஆல்ஃபா’, ‘பீட்டா’ ஆயின. ஆக, ஆல்ஃபபெட் என்றால் மாடு, வீடு! ‘எம்’ எழுத்தில் நெளிவது என்ன தெரியுமா? தண்ணீர் அலை!

எழுத்து மட்டுமா? லீப் வருடம் யார் யோசனை? எகிப்தியர் ஆண்டுக்கு 365 நாள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்டச் சொல்லி, எகிப்தை ஆண்ட கிரேக்க மன்னர் மூன்றாம் தாலமி காலத்தில், கி.மு. 238இலேயே ஆணை போட்டார்கள். அது நிலைக்கவில்லை. எகிப்தின் அலெக்சாந்திரியா நகர வானியலாளர் சோசிஜினிஸ் சொல்லித்தர, ஜூலியஸ் சீசர் கி.மு. 45இல் அதை ரோமில் நடைமுறைப்படுத்தினார்!

அமோனியாவுக்குள் ஒரு கடவுள் இருக்கிறார், தெரியுமா? எகிப்தின் ஆமுன் தெய்வத்தைக் கிரேக்கர் ‘அம்மோன்’ என்றார்கள். லிபியப் பாலைவனத்தில் அவர் கோயில் பக்கம் கிடைத்த உப்புக்கு ‘அம்மோனின் உப்பு’ என்று பெயர். அதிலிருந்துதான் அமோனியா! அவருக்கு ஆட்டுக்கடாக் கொம்பு. அதுபோலச் சுருண்ட புதைபடிவத்துக்கு ‘அம்மோனைட்’ என்று பெயர். நம் பூஜையறைச் சாளக்கிராமத்தில் இருக்கும் சுருள் அதுவே!

வாஷிங்டனில் 555 அடி உயரத்தில் நிற்கும் வாஷிங்டன் நினைவுத்தூண், எகிப்தியக் கோயில் வாசல்களில் நின்ற ஒற்றைக்கல் தூணின் வடிவம். அதற்கு நேரெதிரே, ஏதென்ஸின் பார்த்தினானைப் போல 36 தூண்களோடு லிங்கன் நினைவகம். எகிப்தும் கிரேக்கமும் அமெரிக்கத் தலைநகரில் முகம் பார்த்து நிற்கின்றன!

இப்போது நம் வீட்டுக்கே வருவோம். பகலை 12ஆகவும் இரவை 12ஆகவும் பிரித்தவர்கள் எகிப்தியர்கள். அந்தப் பொழுதைக் கிரேக்கர் ‘ஹோரா’ என்றார்கள். ஆங்கிலத்தில் அது ‘அவர்’ ஆனது. வடமொழியில் ஹோரை, தமிழில் ஓரை!

ஓரைகளுக்கு அதிபதிகளாகச் சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என ஒரு மணிக்கு ஒரு கோளாக, ஞாயிறு காலை முதல் எண்ணுங்கள். 24 மணி முடிந்து 25ஆவதாக, அதாவது மறுநாளின் முதல் மணிக்கு, யார் வருகிறார்? சந்திரன்! முதல் மணிக்குரிய கோளின் பெயரே அந்த நாளின் பெயர். அதனால்தான் ஞாயிறுக்கு அடுத்து திங்கள்; ஆங்கிலத்தில் சண்டேக்கு அடுத்து மண்டே. கிரேக்கர் ஆண்ட எகிப்தில் உருவான இந்தக் கணக்கு லண்டனுக்கும் போனது, மதுரைக்கும் வந்தது.

நாளைக் காலை தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கும்போது, அடுத்த கிழமையை எடுத்துக் கொடுப்பது அந்த 25ஆவது மணிதான்!