கைவிளக்கு

தொண்டை நாடு ஏரிகள் மலிந்த நாடு. காஞ்சிபுர மாவட்டத்தில் உத்திரமேரூரைச் சூழ்ந்துள்ள சிற்றூர்கள் ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழ்வன. செய்யாற்றை அடுத்துள்ள காவாந்தண்டலமும் அவற்றுள் ஒன்று. இத்தகைய ஊர்களில் உழவரின் தொழில் ஞாயிறு மறைந்தவுடன் முடிந்துவிடுவதில்லை. முறைநீர் இரவில் வந்தால் இரவிலேயே மடை திருப்பவேண்டும். கிணற்று மோட்டாருக்கு முறைவைத்து மின்சாரம் விடப்பட்ட காலங்களில், நள்ளிரவில் எழுந்து கழனிக்குச் சென்றோர் பலர். விளைந்த பயிரில் பன்றி புகுந்தாலும், ஈனும் பசு தொழுவத்தில் கதறினாலும், கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினாலும் இருளில் இறங்கியே ஆகவேண்டும். அவ்வேளையில் கையிலுள்ள விளக்கு எத்தகையது என்பது உயிரைப் பற்றிய வினாவாகும்.

முற்காலத்தில் பந்தமும் தீவட்டியும் இப்பணிக்கு உதவின. பின்னர்க் கண்ணாடிக் கூண்டினுள் மண்ணெண்ணெய்த் திரி எரியும் அரிக்கேன் விளக்கு வந்தது. அது காற்றுக்கு எளிதில் அணையாது. எனினும் அதன் ஒளி நாற்புறமும் சிதறிப் பிடித்திருப்பவரின் கண்ணையே முதலில் கூசச் செய்யும். உலர் மின்கலங்களை ஒரு குழாயினுள் வரிசையாக அடுக்கி, முனையில் சிறு குமிழ்விளக்கைப் பொருத்தும் அமைப்புக்கு டேவிட் மிசெல் என்பவர் 1899ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உரிமம் பெற்றார். அக்காலத்து மின்கலங்கள் மிக வலுக்குறைந்தவை. ஆதலின் விளக்கைத் தொடர்ந்து எரிக்க இயலாது. சற்றே மின்னவிட்டு அணைக்கவேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு ‘மின்னும் விளக்கு’ என்ற பொருளில் பெயர் அமைந்தது அதனாலேயே. நம் ஊர் மக்கள் அதனை டார்ச்சு என்றும் பேட்டரி லைட்டு என்றும் வழங்குவர். மின்கைவிளக்கு என்பது நூல் வழக்கு. கையில் ஏந்துவது யாதோ அது கைவிளக்கு. அப்பெயரே இங்குப் போதும்.

பழைய கைவிளக்கில் ஒளி தந்தது மிக மெல்லிய டங்ஸ்டன் இழை. மின்சாரம் பாயும்பொழுது அது வெண்சூடாகி ஒளிரும். ஆயினும் மின்கலத்தின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகும். விளக்குக் கை தவறி விழுந்தால் இழை அறுபடும். ஒருநாளும் பகலில் அறுபடாத இழை, ஆள் துணையற்ற இருட்டில்தான் அறுபடும் என்று முதியோர் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு.

இப்பொழுது வழங்கும் விளக்கில் இழை என்பதே இல்லை. குறைகடத்தி என்னும் பொருளால் ஆன கடுகளவு சில்லு ஒன்றில் மின்சாரம் பாயும்பொழுது அச்சில்லே ஒளி உமிழ்கின்றது. இதனை ஒளி உமிழ் டையோடு என்பர், சுருக்கமாக எல்.இ.டி. என வழங்குகின்றோம். கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளி தரும் சில்லை 1962ஆம் ஆண்டில் நிக் ஹோலோனியாக் செய்து காட்டினார். நீல ஒளி நெடுங்காலம் அறிஞர்களுக்கு எட்டாமல் இருந்தது. ஜப்பான் நாட்டிற் பிறந்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரின் உழைப்பால் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது கைகூடியது; 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபெல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. நீல ஒளிக்கு ஏன் இத்துணைச் சிறப்பு? நீல ஒளி உமிழும் சில்லின்மேல் மஞ்சள் நிறமாக ஒளிரும் பொடியைப் பூசினால், நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றும். இன்றைய கைவிளக்கின் வெள்ளொளி பெரும்பாலும் இவ்வாறு பிறப்பதே.

இழை இல்லாமையால் இவ்விளக்கு அதிர்ச்சியைத் தாங்கும். அதனை அலுமினியக் குழாயில் பொதித்து, மூடும் இடங்களில் ரப்பர் வளையம் இட்டு, மழைக்கும் சேற்றுக்கும் அஞ்சாத உறுதியான கருவியாகச் செய்கின்றனர். ஐ.பி. 67 என்னும் குறியீடு விளக்கில் இருந்தால், தூசி உட்புகாது என்பதும், ஒரு மீட்டர் ஆழமுள்ள நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் பழுதுபடாது என்பதும் பொருள். வரப்பில் வழுக்கி விழுந்து விளக்கை வாய்க்காலில் நழுவவிட்டவருக்கு இக்குறியீட்டின் அருமை தெரியும்.

ஒளியின் அளவை லூமென் என்னும் அலகால் கூறுவர். ஒரு மெழுகுவத்தி எல்லாத் திசைகளிலும் தரும் ஒளி ஏறத்தாழ 12 லூமென். ஆயிரம் லூமென் விளக்கு ஏறக்குறைய 80 மெழுகுவத்திகளின் ஒளியை ஒரு முகமாகச் செலுத்துகின்றது. இது பெருவியப்பே. ஆனால் கடைத்தெருவில் சில பெட்டிகளின்மேல் ஒரு லட்சம் லூமென் என்று அச்சிட்டிருக்கக் காணலாம். இதனை நம்பலாமா? நல்ல சில்லு ஒன்று ஒரு வாட் மின்திறனுக்கு ஏறத்தாழ 100 லூமென் தரும் எனக் கொள்வோம். ஒரு லட்சம் லூமெனுக்கு ஆயிரம் வாட் வேண்டும். ஆயிரம் வாட் என்பது துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியின் திறன். சட்டைப்பையில் அடங்கும் விளக்கு இஸ்திரிப் பெட்டிக்கு ஈடாகுமோ? நான்காம் வகுப்புப் பெருக்கல் தெரிந்த சிறுவன்கூட இப்பொய்யைக் கண்டுகொள்வான். காசு கொடுக்கும் பெரியவர்கள்தாம் காண்பதில்லை.

மின்கலத்தையும் இவ்வாறே கணக்கிடுக. இவ்வகை விளக்குகளில் மிகுதியாக இடப்படுவது 18650 என்னும் லித்தியம் அயனி மின்கலம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையதாதலின் அதற்கு இவ்வெண் அமைந்தது. பழைய உலர் மின்கலம் 1.5 வோல்ட் அழுத்தம் உடையது. இது ஏறத்தாழ 3.7 வோல்ட். நல்ல கலம் ஒன்று தேக்கிவைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 10 வாட்-மணி. ஆயிரம் லூமெனில் எரித்தால் ஒரு மணி நேரத்தில் தீரும். நூறு லூமெனில் எரித்தால் பத்து மணி நேரம், அஃதாவது ஓர் இரவு முழுதும் வரும். முழு ஒளியில் எரியும்பொழுது விளக்கின் உடல் சுடும். அச்சூடு சில்லைக் கெடுக்கும் என்பதால், நன்கு செய்யப்பட்ட விளக்குச் சில நிமிடங்களில் தன் ஒளியைத் தானே தணித்துக்கொள்ளும். இதனைப் பழுது என்று எண்ணிக் கடைக்காரரிடம் வாதாடவேண்டா.

எவ்வளவு ஒளி வேண்டும் என்பது செய்யும் வேலையைப் பொறுத்தது. வரப்பில் நடப்பவர்க்கு நூறு லூமெனுக்கு உட்பட்ட, அகலமாகப் பரவும் ஒளியே ஏற்றது. மிகு வெளிச்சம் கண்ணுக்குப் பகை. இருளுக்குப் பழகிய கண் தன் முழுக் கூர்மையைப் பெற இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். ஒருமுறை பேரொளி பட்டால் அப்பழக்கம் நொடியில் அழிந்துபோம். பின்னர் ஒளிவட்டத்திற்கு வெளியே உள்ளது எதுவும் தெரியாது. எதிரே வண்டி ஓட்டி வருவோரின் கண்ணில் பாய்ச்சுவது எத்துணைக் கேடு என்பதை இதிலிருந்து அறியலாம்.

விளக்கைப் பிடிக்கும் முறையும் உண்டு. தலையில் மாட்டும் விளக்குக் கைகளுக்கு விடுதலை தரும். மண்வெட்டி பிடிப்பவருக்கு அது பெருந்துணை. ஆனால் கண்ணும் விளக்கும் ஒரே உயரத்தில் இருப்பதால் நிழல்கள் பொருளின் பின்னால் மறைந்துவிடும். மேடுபள்ளம் தட்டையாகத் தோன்றும். மார்கழிப் பனியில் அவ்வொளி புகைமண்டலத்தில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும். விளக்கை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால், சாய்ந்து விழும் ஒளியில் கல்லும் குழியும் நீண்ட நிழலோடு எழுந்து தெரியும். வரப்பின் குறுக்கே கிடக்கும் பாம்பும் அவ்வாறே தெரியும்.

இரவில் பாம்பைப் பெயர் சொல்லிக் கூறலாகாது என்று நம் ஊர்களில் ‘பூச்சி’ என்பர். பெயரை மறைத்தாலும் நஞ்சு குறைவதில்லை. இந்திய நாட்டில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் மக்கள் பாம்புக்கடியால் இறந்தனர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்குமே மிகுதியாக உயிர் கொள்வன. இவற்றுள் கட்டுவிரியன் இரவில் உலவுவது. அதன் கடியில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. தரையில் படுத்து உறங்குவோர் கடிபட்டதை அறியாமலே மூச்சுத் திணறுவர். ஆதலின் கைவிளக்கு கழனிக்கு மட்டும் உரியதன்று. தலையணை அருகிலும் இருத்தல் வேண்டும். கொல்லைப்புறம் செல்ல எழுபவர், தரையில் கால் ஊன்றுமுன் ஒளியை ஊன்றுக. செருப்பை மாட்டுமுன் அதனுள்ளும் பாய்ச்சிப் பார்க்க. கடிபட்டால் கீறுதலும் இறுகக் கட்டுதலும் தீங்கு; நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லவேண்டும். அம்மருந்து செய்வதற்கு வேண்டும் நஞ்சை, 1978ஆம் ஆண்டு முதல் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகின்றது. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

விளக்கை உடையவர் அதனைப் பேணவும் வேண்டும். உலர் மின்கலத்தைத் திங்கள் கணக்கில் உள்ளேயே விட்டுவைத்தால் அது கசிந்து குழாயை அரித்துவிடும். லித்தியம் கலத்தை நசுக்குதலும் தீயில் இடுதலும் ஆகா. ஆள் இல்லா வீட்டில் மின்னேற்றம் செய்தலும் தகாது. மழைக்காலம் தொடங்குமுன் ரப்பர் வளையத்தில் வெடிப்பு உண்டா எனப் பார்த்தல் நன்று.

தொலைவுக்குப் பாயும் வலிய ஒளி உண்மையாகவே தேவைப்படும் இடம் ஏரிக்கரை. உத்திரமேரூரில் சோழர் காலத்திலேயே ஏரி வாரியம் என ஒரு குழு இருந்ததை அவ்வூர்க் கல்வெட்டுக் கூறுகின்றது. ஏரியைக் காத்தல் அத்துணைப் பழைய கடமை. 2015ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் இம்மாவட்டத்து ஏரிகள் பல நிரம்பி வழிந்தன. அத்தகைய இரவுகளில் நீர்க்கட்டியும் ஊர் இளைஞரும் கரைமீது நடந்து காவல் செய்வர். ஒளி, தொலைவு இருமடங்கானால் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆதலின் குவிந்து பாயும் விளக்கே எதிர்க்கரையின் மதகையும் கலங்கலையும் காட்டவல்லது. முழுநிலவின் ஒளி அளவுக்கு மங்கும் தொலைவையே விளக்கின் எட்டும் தொலைவு என்று பெட்டியில் குறிப்பர். ஆகவே 200 மீட்டர் என்று எழுதியிருந்தால், அதில் பாதித் தொலைவில்தான் தெளிவாகக் காணலாம் என்று கொள்க.

ஆனால் ஏரி உடைவது பெரும்பாலும் தொலைவில் தெரிவதில்லை. எலி வளை வழியாகவோ நண்டு வளை வழியாகவோ கரையின் வெளிப்புற அடியில் நீர் கசியும். அவ்விடத்தில் குனிந்து, விளக்கை அருகே தாழ்த்தி, நீரின் நிறத்தைப் பார்க்கவேண்டும். தெளிந்த நீராயின் அது வெறும் ஊற்றாக இருக்கலாம். விடியும்வரை கண்காணித்தால் போதும். கலங்கிச் செந்நிறமாக வந்தால், கரையின் மண் உள்ளிருந்து கரைந்து வருகின்றது என்று பொருள். நீலம் பாய்ந்த மட்டமான விளக்கில் தெளிவும் கலங்கலும் ஒன்றுபோலவே வெளுத்துத் தோன்றும். நிறத்தை உள்ளவாறு காட்டும் நல்ல விளக்கில்தான் வேறுபாடு தெரியும். அவ்விடத்தில் ஒருவர் விளக்கோடு நிற்க, மற்றவர் ஊருக்குள் ஓடி ஆட்களையும் மணல் மூட்டைகளையும் கொண்டுவருவர். நிற்பவர் தம் விளக்கைக் கரைமேல் உயர்த்தி அசைத்து, வருவோர்க்கு இடம் காட்டுவார்.