ஆரம்ப நிலை கேமராவே போதுமே!

"கேமராவா? அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம். நமக்கு செல்போன் போதும்" என்று ஒதுங்கிக்கொள்ளும் சகோதரியா நீங்கள்? கொஞ்சம் நில்லுங்கள்! மிக்ஸி, கிரைண்டர், பிரஷர் குக்கர் என்று எத்தனை சாமான்களைக் கட்டி ஆளுகிறோம்! டி.எஸ்.எல்.ஆர். கேமரா அவற்றைவிடக் கஷ்டமான விஷயமில்லை. லட்ச ரூபாய் மாடலும் தேவையில்லை. ஆரம்ப நிலை மாடல் ஒன்றே ஒரு குடும்பத்துக்குத் தாராளம். போடிநாயக்கனூரில் வாழ்க்கைப்பட்டு, மூன்று வருஷமாக அப்படி ஒன்றைப் புழங்கி வரும் அனுபவத்தில் சொல்கிறேன்.

எது ஆரம்ப நிலை?

2003-ல் கேனான் கம்பெனி 300டி என்ற மாடலைக் கொண்டுவந்தது. ஆயிரம் டாலருக்கும் குறைந்த விலையில் வந்த முதல் டி.எஸ்.எல்.ஆர். அதுதான். அதுவரை பத்திரிகைக்காரர்களும் ஸ்டூடியோக்காரர்களும் வைத்திருந்த சாமான், அதற்கப்புறம்தான் வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தது. அதே வழியில் 2018-ல் வந்தவை கேனான் 1500டி, நிக்கான் டி3500. இரண்டுமே 24 மெகாபிக்ஸல்.

இப்போது கம்பெனிகளின் கவனம் உள்ளே கண்ணாடி இல்லாத 'மிர்ரர்லெஸ்' ரகத்துக்குப் போய்விட்டது. பலர் பழையதைக் கொடுத்துவிட்டு அதற்கு மாறுகிறார்கள். லாபம் நமக்குத்தான்! நல்ல செல்போன் ஒன்றின் விலைக்கும் குறைவாக இவை செகண்ட் ஹாண்டில் கிடைக்கின்றன. 2023-ல் அகலப்பாதை ரயில் போடி வரை வந்துவிட்டதால் மதுரைக்குப் போய்ப் பார்த்து வாங்குவதும் எங்களுக்குச் சுலபமாகிவிட்டது.

"செல்போன்லயே கேமரா இருக்கே, இது எதுக்குத் தண்டச் செலவு?" என்று என் வீட்டுக்காரரும் கேட்கத்தான் செய்தார். உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

டம்ளரும் அண்டாவும்

மழைத் தண்ணீர் பிடிக்க முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வைக்கிறோம். தூறல் நின்றதும் பார்த்தால் எதில் அதிகத் தண்ணீர் இருக்கும்? கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் பாத்திரத்துக்கு 'சென்ஸார்' என்று பெயர். நிக்கான் டி3500-ல் அது 23.5 மில்லிமீட்டர் நீளம், 15.6 மில்லிமீட்டர் அகலம். சாதாரண செல்போனில் இருப்பதைப்போல் பத்து மடங்குக்கும் அதிகமான பரப்பு! வெளிச்சம் குறைவான இடத்தில்தான் இதன் அருமை தெரியும்.

நம் வாழ்க்கை பெரும்பாலும் அப்படிப்பட்ட இடத்தில்தானே கழிகிறது? சமையலறை, பூஜை அறை, தொட்டில் கட்டிய மூலை. பச்சைக் குழந்தையின் முகத்தில் பளிச்சென்று ஃபிளாஷ் அடித்து எழுப்ப வேண்டாம். ஜன்னல் வெளிச்சமே போதும்.

ஏலத் தோட்டத்தில் ஒரு நாள்

இதை நான் முழுசாக உணர்ந்தது மலையில்தான். ஏலச்செடி நிழலில் வளர்வது. மேலே பெரிய மரங்கள், கீழே ஆள் உயரத்துக்கும் மேலே செடி. காய்க்கும் சரங்களோ அடியில், தரையை ஒட்டி. குனிந்தும் குந்தியும்தான் காய் எடுக்க வேண்டும். மத்தியானத்திலும் அங்கே அரை இருட்டு. மூடுபனி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

என் அத்தை முப்பது வருஷமாக விடிவதற்குள் தூக்குச் சட்டியோடு ஜீப் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தோட்டத்துக்குப் போய் வந்தவர். மூன்று பிள்ளைகளை ஆளாக்கியது அந்த உழைப்புதான். ஆனால் அவர் முகத்துக்கென்று வீட்டில் இருந்தது ஆதார் அட்டைப் படம் ஒன்றே. முழங்கால் வலி அதிகமாகி, "இந்தக் காயெடுப்போட நிறுத்திக்கிறேன் தாயி" என்று அவர் சொன்ன பிறகு ஒரு நாள் நானும் கூடவே போனேன்.

செல்போனில் எடுத்த படத்தில் அவர் முகம் சாயம் பூசியதுபோல் வழவழவென்று வந்தது. நெற்றிச் சுருக்கம் ஒன்றுகூட இல்லை. கேமராவில் எடுத்ததிலோ விரல் இடுக்கில் ஒட்டிய மண், முந்தானையில் சிக்கிய சருகு, கண்ணில் இருந்த சிரிப்பு எல்லாம் அப்படியே இருந்தன. பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நானாத்தா இது? நல்லாத்தேன் இருக்கேன். நான் போனப்புறம் இதையே மாட்டுங்க."

"அதுவரைக்கும் எதுக்கு அத்தை காத்திருக்கணும்?" என்று அன்றைக்கே கூடத்தில் மாட்டிவிட்டேன். அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் தண்டச் செலவு என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை.

இன்னும் சில பலங்கள்

கண்ணுக்கு ஜன்னல்: உச்சி வெயிலில் செல்போன் திரை தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு தவிக்கிறோம். இதில் சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். உள்ளே இருக்கும் கண்ணாடி நிஜ வெளிச்சத்தையே கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. பக்கத்தில் உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பினால் நம் பார்வைக்குத் தகுந்தபடி அது தெளிவாகும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

ஓடும் குழந்தை: ஷட்டர் வேகத்தை 500-ல் ஒரு விநாடி என்று வைத்துவிட்டால், பந்தைத் துரத்தும் பிள்ளை கலங்காமல் நிற்பான். பொத்தானை அமுக்கிய கணத்திலேயே படம் பதியும்.

மாற்றும் லென்ஸ்: கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் வீட்டு விசேஷங்களுக்குப் போதும். பிறகு காசு சேர்த்து, 1.8 என்று குறித்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். கேனானில் விலை குறைந்த லென்ஸ்களில் இதுவும் ஒன்று. 18-55-ஐ முழுக்க ஜூம் செய்தால் வரும் வெளிச்சத்தைப்போல் கிட்டத்தட்ட 10 மடங்கு உள்ளே வரும். முகம் தெளிவாகவும் பின்னால் கொடியில் தொங்கும் துணிமணிகள் மங்கலாகவும் விழும்.

சார்ஜ்: டி3500 ஒரு முறை சார்ஜ் செய்தால் 1,550 படம் எடுக்கும் என்பது கம்பெனிக் கணக்கு. 1500டி 500 படம். ஒரு கல்யாணத்துக்குத் தாங்கும்.

சொல்லிக்கொடுக்கும் டீச்சர்: டி3500-ல் 'கைடு' என்று ஓர் ஏற்பாடு உண்டு. என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டு, படிப்படியாக வழி சொல்லும். முதல் மாதம் ஆட்டோவில் எடுத்துப் பழகுங்கள். பயம் தெளிந்ததும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு

செல்போனைவிடக் கனம். எடுத்த உடனே ஊருக்கு அனுப்ப செல்போன்தான் சுலபம். வீடியோவுக்கும் அப்படியே. தவிர, இந்த மாடல்கள் மழைக்குத் தாங்காது. தூறல் விழுந்தால் பைக்குள் வைத்துவிடுங்கள்.

வாங்குமுன், வாங்கியபின்

• லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் பூசணம். வாங்காதீர்கள்.

• இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். வண்டிக்குக் கிலோமீட்டர் பார்ப்பதுபோலத்தான்.

• நிக்கானின் பழைய லென்ஸ் சில, டி3500-ல் தானாக ஃபோகஸ் ஆகாது. மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

• மலைக் காற்றில் ஈரம் அதிகம். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்தால் பூசணம் நிச்சயம்.

• குளிரிலிருந்து கீழே இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். அரை மணி போகட்டும். இல்லாவிட்டால் லென்ஸில் ஆவி படியும்.

• மாதம் ஒரு முறை நல்ல படங்களில் பத்தைப் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள். மற்றவற்றை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

முதலில் யாரை எடுப்பது என்று யோசிக்கிறீர்களா? குழந்தையைத்தான் தினமும் எடுக்கிறோமே! அட்டைப் படத்தைத் தவிர வேறு படமே இல்லாத பெரியவர் ஒருவர் அநேகமாக எல்லார் வீட்டிலும் இருப்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, கையில் ஒரு காபியைக் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள். சிரிக்கும்போது அமுக்குங்கள். அடுத்த படத்துக்கு நீங்கள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, கேமராவை உங்கள் மகளிடம் கொடுங்கள்!