கடல் கடந்து வரும் ஜுரம்

புதுச்சேரிக்கும் ரீயூனியன் தீவுக்குமுள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறிய தமிழரின் சந்ததியார் அங்கே வாழ்கின்றனர். 2005, 2006-ஆம் வருஷங்களில் அத்தீவில் சிக்குன்குனியா ஜுரம் பரவி, ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஜனங்களைப் பீடித்தது. அதே 2006-இல் இந்தியாவிலும் 13 லட்சம் பேருக்கு மேல் இந்நோய் கண்டதாகச் சந்தேகிக்கப்பட்டது.

பிரயாணிகள்மீது பழி சுமத்துதல் எளிது. ஆனால் 2007-இல் இத்தாலியில் ரவென்னா பிரதேசத்தில் 200 பேருக்கு மேல் இந்நோய் கண்டபோது, முதலில் ஜுரத்துடன் அங்கே சென்றவர் நமது கேரளத்திலிருந்து போனவரே! கொண்டு சென்றவர் ஒருவர். ஊரெங்கும் பரப்பியது அவ்வூர்க் கொசு. ஜுரம் கண்டு சுமார் ஒரு வாரம் நோயாளியின் இரத்தத்தில் கிருமி உலவும். அப்போது கடிக்கும் ஏடிஸ் கொசுவே அதை அடுத்த வீட்டுக்குச் சேர்க்கிறது.

மஞ்சள் ஜுரமுள்ள தேசங்களிலிருந்து வருவோரிடம் ஊசி போட்ட அத்தாட்சி கேட்கிறார்கள், அது முறையே. சிக்குன்குனியாவுக்கும் டெங்குவுக்கும் அத்தகைய காவல் இல்லை. மேலும் இக்கொசு சாக்கடையை நாடுவதில்லை. தெளிந்த தண்ணீர்த் தொட்டியும் கொட்டாங்கச்சியும் அதற்குப் போதும். பகலில் கடிப்பதால், இரவு வலைக்குள் உறங்குவோர் தப்பினோமென்று எண்ணுவதும் வீண். கொசுக்களை ஆராயும் மத்திய நிலையம் 1975 முதல் நமதூரிலேயே இருக்கிறது. எனினும் வாரந்தோறும் தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டியவர் வீட்டுக்காரரன்றோ?

ரீயூனியனில் 2025-இல் இந்நோய் மீண்டும் கிளம்பிற்று. அங்கிருந்து பந்துக்களைக் காண வருவோர் ஜுரம் கண்டால், எங்கிருந்து வந்தோமென்பதை வைத்தியரிடம் மறையாது கூறவும், அவ்வாரம் பகலிலும் வலைக்குள் இருக்கவும் வேண்டுகிறோம்.