சட்டம் போச்சு, ‘420’ பட்டம் போகலை!
மெக்காலே எழுதிய புத்தகத்தின் கதை

சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிய ஆசாமியை ஊரார் எப்படித் திட்டுவார்கள்? “அவன் சரியான ஃபோர் ட்வென்டிப்பா!”

பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவருக்கும் இந்த எண் அத்துப்படி. “302-ல உள்ளே போயிட்டான்” என்றால் கொலைக் கேசு என்று குழந்தைக்கும் தெரியும்.

இந்த எண்களைத் தந்தது இந்திய தண்டனைச் சட்டம். அதை எழுதியவர் மெக்காலே என்ற வெள்ளைக்காரர்.

பல்லக்கில் வந்தார்

1834-ம் ஆண்டு ஜூன் மாதம் மெக்காலே கப்பலில் சென்னை வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு அப்போது ஊட்டியில் இருந்தார். மெக்காலே பல்லக்கில் ஏறி, ஆட்கள் தோளில் சுமக்க, மலைக்குப் போய் அவரைப் பார்த்தார்.

சட்டத்தையும் ஊட்டியிலேயே எழுதினார் என்று சொல்வது உண்டு. அது சரியல்ல. சட்டக் கமிஷன் அமைந்ததே 1835-ல்தான். வேலை நடந்தது கல்கத்தாவில்.

அந்தக் காலத்தில் ஒரே நாட்டில் பல சட்டம்! சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் இங்கிலீஷ் சட்டம். வெளியூர்கள் பலவற்றில் கம்பெனியார் திருத்திய முஸ்லிம் குற்றவியல் சட்டம். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று 1837-ல் மெக்காலே நகல் கொடுத்தார்.

23 ஆண்டு தூக்கம்

நகல் அலமாரியில் தூங்கியது. 1857-ல் சிப்பாய்கள் கிளர்ச்சி வெடித்தது. கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்தது. அதன் பிறகே நகலுக்கு உயிர் வந்தது.

பார்ன்ஸ் பீகாக் என்ற சட்ட நிபுணர் அதைத் திருத்தினார். 1860 அக்டோபர் 6-ந்தேதி சட்டம் நிறைவேறியது. 1862 ஜனவரி 1 முதல் அமல். மொத்தம் 511 செக்ஷன்கள்.

மெக்காலே பார்க்கவில்லை. 1859 டிசம்பரிலேயே இறந்துவிட்டார்.

வ.உ.சி.க்கு 40 ஆண்டு

திருடனைப் பிடித்த சட்டமே தேசபக்தரையும் பிடித்தது. 1870-ல் ‘124-ஏ’ என்ற ராஜதுரோகப் பிரிவைச் சேர்த்தார்கள். திலகரும் காந்தியும் இதில்தான் சிறை சென்றார்கள்.

1908-ல் நெல்லை கோர்ட்டு கப்பலோட்டிய தமிழன் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. ஆக 40 ஆண்டு! அப்பீலில் குறைந்தது. ஆனாலும் கோவை சிறையில் செக்கு இழுத்தார்.

சுதந்திரம் வந்த பிறகும் அந்தப் பிரிவு போகவில்லை. 2022 மே மாதம்தான் சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்தி வைத்தது.

கடல் தாண்டியது

புத்தகம் கப்பலும் ஏறியது. 1871-ல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவுக்கு இதைப் பார்த்தே சட்டம் போட்டார்கள். 1883-ல் இலங்கைக்கும் அப்படியே.

பாகிஸ்தான், வங்காளதேசம், சிங்கப்பூர், மலேசியா நாடுகளில் இன்றும் மோசடிக்கு 420, கொலைக்கு 302!

இப்போ 318

இந்தியாவில் 2024 ஜூலை 1-ந்தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. 511 செக்ஷன்கள் 358 ஆயின. மோசடி 318. கொலை 103. திருட்டு 303.

‘ராஜதுரோகம்’ என்ற சொல் போனது. ஆனால் நாட்டின் ஒற்றுமைக்கு ஆபத்து விளைவிக்கும் செயலுக்கு 152-வது பிரிவு வந்தது. “பெயர்தான் மாறியது, பிடி தளரவில்லை” என்று குறை சொல்கிறவர்கள் உண்டு.

ஒன்றை மறக்கக் கூடாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய செக்ஷன்தான். அதனால் கோர்ட்டுப் படிகளில் 420-ம் 302-ம் இன்னும் ஏறி இறங்குகின்றன.

கூட்டம் கூடத் தடை போட்ட ‘144’ மெக்காலே சரக்கு அல்ல. அது குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதற்கும் இப்போது எண் மாறி 163 ஆகிவிட்டது.

போலீஸ் ஏட்டில் எண்ணை மாற்றியாச்சு. ஜனங்கள் வாயில் மாற்ற முடியுமா? “அவன் சரியான 318” என்று திட்டினால், திட்டு வாங்கியவனே “அப்படின்னா என்னண்ணே?” என்று கேட்பான்!